மது விற்றவன் பொறுப்பு

மது அருந்தி மதிமயங்கிய ஒருவன் வீதியிலே பிறரைக் காயப்படுத்தினால் அதற்குப் பொறுப்பாளி யார்? குடித்தவன்தான் என்று எவரும் தயங்காது விடை கூறுவர். ஆனால், அவன் நிலை தடுமாறுவதைக் கண்ட பின்னரும் கிண்ணத்தை நிரப்பிக் காசை எண்ணி வாங்கிய தவறணைக்காரனுக்கு அதிலே பங்கில்லையா? இவ்வினாவைச் சுற்றி எழுந்த சட்டத்தின் வரலாறு நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேற்பட்டது.

ஆங்கிலப் பொதுச் சட்டம் நெடுங்காலமாக விற்றவனை விடுவித்தே வந்தது. தீங்குக்கு அண்மைக் காரணம் மதுவை விற்றதன்று, அதனை ஒருவன் தானே விரும்பி அருந்தியதே என்பது நீதிபதிகளின் கொள்கை. 1872ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் அனுமதிப்பத்திரச் சட்டம், வெறிகொண்டவனுக்கு மது விற்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. எனினும், குற்றத்துக்குத் தண்டப்பணம் விதிப்பது வேறு. துன்புற்றவருக்கு நட்டஈடு அளிப்பது வேறு.

இவ்வேற்றுமையை முதலில் உணர்ந்தவர்கள் ஐக்கிய அமெரிக்காவின் மாநிலச் சட்டமன்றத்தார். 1849இல் விஸ்கொன்சின் மாநிலம், மது விற்பவர்கள் பிணைப்பணம் கட்ட வேண்டுமென விதித்தது. குடியினால் வறியவரானோர், விதவைகள், அநாதைகள் ஆகியோரின் பராமரிப்புக்கு அப்பிணை ஈடாயிற்று. பின்னர் வேறு மாநிலங்களும் இத்தகைய சட்டங்களை இயற்றின. இல்லினோய் மாநிலத்தின் 1872ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றுட் புகழ்பெற்றது. சாராயத்தை அளக்கும் சிறிய அளவாகிய 'டிராம்' என்பதிலிருந்து மதுக்கடைக்கு 'டிராம் கடை' என்னும் பெயர் உண்டாயிற்று. சட்டமும் அப்பெயரையே பெற்றது.

அக்காலத்தில் மணமான பெண் தன் பெயரில் வழக்குத் தொடர்வதே அரிது. கணவனின் உழைப்பு தவறணையிலே கரைந்துபோக, அடுப்பெரியாத வீட்டில் பிள்ளைகளோடு வாடியவளுக்கு நீதிமன்றத்தின் கதவு அடைத்தே கிடந்தது. புதிய சட்டங்கள் அக்கதவைத் திறந்தன. பிழைப்புக்கு வழி இழந்த மனைவி, மதுவை விற்றவன் மீது தானே வழக்காடலாம். இல்லினோய்ச் சட்டத்தின்படி, தெரிந்தே அத்தொழிலுக்கு இடங்கொடுத்த கட்டட உரிமையாளனும் பொறுப்பாளியாவான். ஒகையோ மாநிலத்தின் ஸ்பிரிங்பீல்ட் நகரில் எலிசா ஸ்டுவர்ட் என்னும் மாது, 1872இல் குடிகாரன் ஒருவனின் மனைவிக்காக நடுவர் குழுவின் முன் எழுந்து பேசினார். அவர் சட்டத்தரணி அல்லர். ஆயினும் வழக்கு வென்றது.

1920இல் அமெரிக்கா எங்கும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. 1933இல் அது நீங்கியபின், பல மாநிலங்கள் பழைய சட்டங்களைக் கைவிட்டன. ஆனால் காலம் மாறியிருந்தது. குதிரை வண்டி ஓடிய வீதியில் மோட்டார் வாகனம் விரைந்தது. வெறிகொண்டவனால் விளையும் ஆபத்து வீட்டைக் கடந்து வழிப்போக்கரையும் பற்றியது. 1959இல் நியூ ஜேர்சி உச்ச நீதிமன்றம், தனிச் சட்டம் இல்லாதவிடத்தும், வயது குறைந்தவனுக்கு மது விற்ற கடைக்காரர் பின்னர் நேர்ந்த வீதி மரணத்துக்குப் பொறுப்பேற்க நேரிடலாம் எனத் தீர்ப்பளித்தது. அத்தகையவனுக்கு விற்றால் விபத்து நேருமென முன்னரே அறிதல் கூடும் என்பதே அதற்குக் காரணம்.

1973இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கை ஆராய்ந்தது. வெறிகொண்ட வாடிக்கையாளர் ஒருவரை விடுதியார் இரவிலே வெளியேற்றினர். நெடுஞ்சாலையில் நடந்த அவரை வாகனம் மோதியது. அவருடைய இயல்பை விடுதியார் நன்கறிந்திருந்தனர். ஆதலால் குடித்தவர், வாகனமோட்டியவர், விடுதியார் ஆகிய மூவரும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு பொறுப்பாயினர். ஆனால் 2004இல் அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றம், ஒரு மன்றத்திலே மிகுதியாகக் குடித்து, வீடு செல்ல வாகனம் தருவதாகக் கூறியதையும் மறுத்து, வீதியில் அடிபட்ட பெண்ணுக்கு நட்டஈடு மறுத்தது. தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்னும் பழைய கொள்கை அங்கே நிலைபெற்றது.

இவ்விரு தீர்ப்புகளும் இருவேறு நீதிகளைப் பேசுகின்றன. குடித்தவனின் பொறுப்பை எச்சட்டமும் முற்றாக நீக்கவில்லை. ஆயினும், இலாபத்தைத் தனதாக்கிக் கொண்டவன் இழப்பை முழுவதும் அயலவர் தலையில் ஏற்றிவிட்டு அகலலாமா என்னும் வினாவை, அன்று நீதிமன்றம் ஏறிய ஏழைப் பெண்கள் எழுப்பினர். அவ்வினா இன்றும் நீதிபதிகளின் முன் நிற்கின்றது.