எண்ணெய்க் கடலும் ஏழையின் வலையும்

1942 ஏப்ரல் 9 ஆம் நாள் மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. 'பிரிட்டிஷ் சார்ஜன்ட்' என்னும் எண்ணெய்க் கப்பலும் அன்றே அக்கடலில் தாழ்ந்தது. மாண்ட வீரரை வரலாறு நினைவுகூர்கிறது. அக்கடலை நம்பி வாழ்ந்த மீனவன் இழந்தது என்ன என்று கேட்க அன்று சட்டம் எதுவும் இருக்கவில்லை.

அச்சட்டம் எவ்வாறு பிறந்தது? 1967 மார்ச்சில் 'ரொறி கன்யன்' என்னும் கப்பல் இங்கிலாந்தின் தென்மேற்கே பாறையில் மோதிற்று. ஏறத்தாழ 1,19,000 தொன் மசகெண்ணெய் அதிலிருந்தது. பிரித்தானிய, பிரெஞ்சுக் கரைகள் கறுத்தன. உரிமையாளரோ, தமது பொறுப்பு 50 டொலருக்கு மேற்படாது என்று அமெரிக்க நீதிமன்றில் வாதாடினர். மிஞ்சிய ஓர் உயிர்காப்புப் படகின் விலை அது! பழைய சட்டம் மூலதனத்துக்கு அளித்த கவசம் அத்தகையது.

1969 நவம்பரில் பிரசெல்ஸ் நகரில் உருவான சமவாயம் அக்கவசத்தில் துளையிட்டது. உரிமையாளரின் தவறை நிரூபிக்காமலே நட்டஈடு கோரலாம், காப்புறுதியும் கட்டாயம். ஆயினும் கப்பலின் அளவுக்கேற்ப ஓர் உச்சவரம்பு நின்றது. அதற்கு மேற்பட்ட இழப்புக்காக, எண்ணெயைப் பெறுவோரின் பணத்தில் இயங்கும் நிதியம் 1971 ஆம் ஆண்டுச் சமவாயத்தால் அமைந்தது. 1992 இல் இரண்டும் திருத்தப்பட்டன. இலங்கையும் அவற்றில் இணைந்துள்ளது.

2020 செப்டெம்பர் 3 ஆம் நாள் சங்கமன்கண்டிக்கு அப்பால் 'நியூ டயமண்ட்' தீப்பற்றியது. மாலுமி ஒருவர் மாண்டார். கப்பலிலிருந்த ஏறத்தாழ 2,70,000 தொன் மசகெண்ணெய் தப்பியது. எரிபொருளான டீசலே கசிந்தது. கப்பற்றலைவருக்குக் கொழும்பு மேல் நீதிமன்றம் 1 கோடி 20 இலட்சம் ரூபா தண்டம் விதித்தது.

அம்மசகெண்ணெய் கசிந்திருந்தால்? மாரியில் முகத்துவாரம் திறந்திருக்கும்போது கடல்நீருடன் எண்ணெயும் வாவிக்குள் நுழையும். இறாலும் மீனும் குஞ்சு வளரும் கண்டற் காடுகள் கறுக்கும். நட்டஈட்டுக்குச் சட்டம் உண்டு. ஆனால் அது சான்று கேட்கும். நேற்று எவ்வளவு பிடித்தாய், என்ன விலைக்கு விற்றாய் என்று வினவும். பெருங் கம்பனியிடம் கணக்கேடு இருக்கும். வீச்சுவலை வீசுபவனிடம் என்ன இருக்கிறது?

ஆசிரியரும் மாணவரும் செய்யக்கூடிய பணி இங்கேதான் உள்ளது. மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுடன் சேர்ந்து, அன்றாடப் பிடிப்பையும் விலையையும் எழுதிவைக்கத் துணைநிற்க வேண்டும். விபத்துக்குப் பின் எழுதும் கணக்கை எவரும் நம்பார். எழுதப்படாத உழைப்பு, சட்டத்தின் கண்ணுக்கு நடவாத உழைப்பே.