அட்டவணையிலிருந்து மும்மைக்கு: பலவகைத் தரவுகளைச் சொற்பொருள் களஞ்சியத்தில் இணைக்கும் முறைகளின் வளர்ச்சி

1998இல் டிம் பெர்னர்ஸ்-லீ எழுதிய வடிவமைப்புக் குறிப்பு ஒன்று, தரவுத்தளத்துக்கும், கணினிக்குப் புரியும் தரவாலான சொற்பொருள் வலைக்கும் உள்ள பொருத்தத்தைச் சில வரிகளில் சொல்லிவிடுகிறது. அட்டவணையின் ஒவ்வொரு வரிசையும் ஒரு பொருள். ஒவ்வொரு நெடுவரிசையும் ஒரு பண்பு. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் இருப்பது அந்தப் பண்பின் மதிப்பு. பொருள், பண்பு, மதிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்த கூற்றே மும்மை. 1999இல், வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு பரிந்துரைத்த ஆர்டிஎஃப் தரவு மாதிரியின் அடிப்படை அலகு அதுதான். பொருத்தம் இவ்வளவு நேரடியாக இருக்கையில், மாற்றும் வேலையைக் கணினியிடம் ஒப்படைத்துவிடலாம் என்ற நம்பிக்கை எழுந்ததில் வியப்பில்லை. அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் நிறைவேறியது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. மாற்றும் வேலை பெரும்பாலும் தானியங்கியாகிவிட்டது. எது எதற்கு நிகர் என்று தீர்மானிக்கும் வேலையோ இன்னும் மனிதரைச் சுற்றியே வருகிறது.

இந்தச் சிக்கல் சொற்பொருள் வலையோடு பிறந்ததன்று. பட்டீனி, லென்செரினி, நவாதே மூவரும் 1986இல் வெளியிட்ட மதிப்பாய்வு, தரவுத்தள அமைப்புகளை ஒன்றிணைப்பதில் வரும் முரண்களை ஏற்கெனவே வகைப்படுத்தியிருந்தது. ஒரே பெயர் இரு பொருளைக் குறிப்பதும், இரு பெயர்கள் ஒரே பொருளைக் குறிப்பதும் அவற்றுள் முதன்மையானவை. 2001இல் ராமும் பெர்ன்ஸ்டைனும் தானியங்கிப் பொருத்த முறைகளைத் தொகுத்தபோதும் அதே முரண்கள்தாம் பேசப்பட்டன.

தொடக்கத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு நிரலை எழுதித் தன் தரவை மாற்றிக்கொண்டது. எழுதியவர் வேலையை விட்டுப் போனால், எந்த நெடுவரிசை ஏன் எந்தப் பண்பாயிற்று என்று சொல்ல ஆளில்லை. இந்நிலையை மாற்றியது, பொருத்த விதிகளை நிரலுக்கு வெளியே தனி ஆவணமாக எழுதும் வழக்கம். கிறிஸ்டியன் பிட்சர், ஆண்டி சீபோர்ன் ஆகியோர் 2004இல் முன்வைத்த டி2ஆர்கியூ அந்த வகையில் ஒரு முன்னோடி. அது தரவைப் படியெடுக்காமலேயே தரவுத்தளத்தை ஆர்டிஎஃப் போலக் காட்டியது. 2012 செப்டம்பர் 27 அன்று டபிள்யூ3சி இரண்டு பரிந்துரைகளை ஒருசேர வெளியிட்டது. ஒன்று 'நேரடிப் பொருத்தம்': அட்டவணையின் பெயர் வகுப்பாகும், நெடுவரிசையின் பெயர் பண்பாகும், மனிதர் தலையிட வேண்டியதில்லை. மற்றொன்று ஆர்2ஆர்எம்எல்: விதிகளை மனிதர் எழுதுவார், கணினி செயல்படுத்தும். முழுத் தானியக்கம் எதைத் தரும், எதைத் தராது என்பதற்கு முதலாவது நல்ல சான்று. வடிவம் மாறுகிறது, சுருக்கெழுத்தில் யாரோ வைத்த நெடுவரிசைப் பெயர் அப்படியே பண்பாக நிற்கிறது. பிறருடைய தரவோடு அது ஒட்டாது. நடைமுறையில் தழைத்தது இரண்டாவதே. 2014இல் கெண்ட் பல்கலைக்கழகத்தின் அனஸ்தாசியா டிமோ குழுவினர் அதை விரிவாக்கி, சிஎஸ்வி, ஜேசன், எக்ஸ்எம்எல் கோப்புகளுக்கும் பொருந்தும் ஆர்எம்எல் மொழியை உருவாக்கினர்.

மிகுதியாகக் கற்றுத்தந்த முயற்சி டிபீடியா. பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகமும் லைப்சிக் பல்கலைக்கழகமும் ஓபன்லிங்க் நிறுவனமும் சேர்ந்து 2007இல் தொடங்கிய இத்திட்டம், விக்கிப்பீடியாக் கட்டுரைகளின் ஓரத்தில் இருக்கும் தகவல் பெட்டிகளிலிருந்து மும்மைகளைப் பிரித்தெடுத்தது. முதலில் எல்லாம் தானியங்கி. தொகுப்பாளர் பெட்டியில் தட்டிய பெயர் எதுவோ அதுவே பண்பு. அந்த ஆண்டிலேயே பத்துக் கோடி மும்மைகள் சேர்ந்துவிட்டன. ஆனால் பிறந்த இடத்தை ஒருவர் 'பர்த்பிளேஸ்' என்று எழுதியிருந்தார், இன்னொருவர் 'பிளேஸ்ஆஃப்பர்த்' என்று எழுதியிருந்தார். களஞ்சியத்தில் இவை இரு வேறு பண்புகள். ஓர் ஊரில் பிறந்தவர்களைத் தேடினால் ஒரு பகுதியினரே கிடைப்பார்கள். விடுபட்டவர்கள் உண்டு என்பதற்கான அறிகுறியும் விடையில் இராது.

இதற்குத் தீர்வாக வந்தது கைவேலை. அதிகம் பயன்பட்ட 350 பெட்டி வார்ப்புருக்களை எடுத்து 170 வகுப்புகளில் அடுக்கினர். அவற்றிலிருந்த 2,350 பெயர்கள் 720 பண்புகளாகச் சுருங்கின. ஏறத்தாழ மூன்று பெயருக்கு ஒரு பண்பு: பெயர் வைப்பதில் மனிதர் காட்டும் தாராளத்துக்கு இதைவிடத் துல்லியமான அளவீட்டை நான் கண்டதில்லை. பழைய தானியங்கித் தொகுப்பையும் அவர்கள் கைவிடவில்லை. பரப்பு வேண்டுவோர்க்கு அது, தரம் வேண்டுவோர்க்குக் கையால் பொருத்தியது என இரண்டும் அருகருகே வெளியாயின.

தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் கிரெய்க் நோப்லாக், பெட்ரோ செக்கெலி குழுவினர் உருவாக்கிய கர்மா வேறு வழியில் போனது. நெடுவரிசையில் உள்ள மதிப்புகளைப் பார்த்து, இது ஓவியரின் பெயராக இருக்கலாம், இது பிறந்த ஆண்டாக இருக்கலாம் என்று அது முன்மொழியும், பயனர் திருத்துவார், திருத்தத்திலிருந்து அடுத்த அட்டவணைக்குக் கற்றுக்கொள்ளும். ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகத்தின் சுமார் 40,000 கலைப்பொருட்களின் தரவு இக்கருவியால் மாற்றப்பட்டது. ஓவியர்களை டிபீடியாவோடு இணைக்கும் கட்டத்தில் பெயரையும் பிறப்பு இறப்பு ஆண்டுகளையும் வைத்துக் கணினி இணைப்புகளை முன்மொழிந்தது. ஏற்பதும் தள்ளுவதும் அருங்காட்சியகத்தார் கையில் இருந்தது.

அந்தச் சரிபார்ப்பு இல்லாதபோது என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. இரு அடையாளங்கள் ஒரே பொருளைக் குறிக்கின்றன என்று சொல்ல, வகுப்புகளையும் பண்புகளையும் வரையறுக்கும் ஆன்டாலஜி மொழியில் 'சேம்ஆஸ்' என்ற உறவு இருக்கிறது. அ-வும் ஆ-வும் ஒன்று, ஆ-வும் இ-யும் ஒன்று எனில் அ-வும் இ-யும் ஒன்றாகிவிடும். எனவே ஒரு தவறான இணைப்பு தன் எல்லைக்குள் நிற்பதில்லை. 2018இல் வூட்டர் பேக் குழுவினர் இணையத்திலிருந்து திரட்டிய 55 கோடிக்கும் மேற்பட்ட இத்தகைய கூற்றுகளை முடிவுவரை தொடர்ந்து பார்த்தனர். 1,77,794 பெயர்கள் ஒரே பொருள் என்று ஒரு தொகுதியில் வந்து விழுந்தன. ஆல்பர்ட் ஐன்ஸ்டைனும் உலக நாடுகளும் அதற்குள் ஒன்றாகக் கிடந்தன.

இப்போது பெருமொழி மாதிரிகள் பொருத்த விதிகளின் வரைவை நொடிகளில் எழுதித் தருகின்றன. நெடுவரிசைப் பெயரின் சுருக்கத்தை விரித்துப் புரிந்துகொள்வதில் அவை முந்தைய கருவிகளைவிடத் தேர்ந்தவை என்பதை மறுப்பதற்கில்லை. வரைவு சரளமாக இருப்பதாலேயே சரிபார்ப்பவர் கண் அயர்ந்துவிடுகிறார் என்பது என் கவலை. ஒரு கூற்று எங்கிருந்து வந்தது, யாரால் அல்லது எந்தக் கருவியால் உருவானது என்பதைப் பதிய 'புரோவ்' என்ற தரம் 2013 முதல் டபிள்யூ3சி பரிந்துரையாக இருக்கிறது. களஞ்சியம் அமைப்போர் குறைந்தபட்சம் அடையாள இணைப்புகளுக்காவது, அவற்றை முன்மொழிந்த கருவி எது, ஒப்புக்கொண்டவர் யார் என்ற இரண்டையும் அதில் பதிந்து வைக்க வேண்டும்.