மருந்துக்கு வசப்படாத அணுக்கள்

பெங்களூரில் பெல்லாரிச் சாலையை ஒட்டித் தேசியக் காசநோய் நிலையம் 1959-ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. நகரின் மற்றொரு பகுதியில், ஓசூர்ச் சாலையில், 1973-இல் தோன்றிய கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிலையம் உள்ளது. முன்னது கிருமியால் வரும் பிணிக்கு உரியது. பின்னது உடலின் சொந்த அணுக்களே பகையாக மாறும் பிணிக்கு உரியது. இவ்விரண்டிற்கும் தொடர்பு யாது என நேயர்கள் வினவலாம். மருந்துக்குப் பணியாத பகையை வெல்லும் வழியை, ரத்தப் புற்றுநோய் மருத்துவம் காசநோய் மருத்துவத்திடமிருந்தே கற்றுக்கொண்டது.

சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் என்னும் அறிஞரின் தலைமையில் அமினாப்டெரின் என்ற மருந்து உருவாயிற்று. பாஸ்டன் நகர மருத்துவர் சிட்னி ஃபார்பர் அதனை ரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு அளித்தார். பதினாறு குழந்தைகளில் பத்துப் பேரிடம் நோய் தணிந்தது என 1948-இல் அவர் அறிவித்தார். அதுவரை மருந்தே இல்லாதிருந்த நோய் அது. ஆயினும், அந்தத் தணிவு நிலைக்கவில்லை. சில மாதங்களில் நோய் மீண்டது.

அதே 1948-இல்தான் கார்ட்டிஸோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து மூட்டுவாத நோயாளிக்கு முதன்முதலாக அளிக்கப்பெற்றது. அம்முயற்சிக்காக ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகிய மூவர் 1950-இல் நோபல் பரிசு பெற்றனர். இவ்வகை மருந்து ரத்தப் புற்றணுக்களையும் அழிக்கும் என்பது விரைவில் தெரியவந்தது. காய்ச்சல் நீங்கிற்று, குழந்தைகள் பசித்து உண்டனர், பெற்றோர் மகிழ்ந்தனர். ஆனால் இங்கும் நோய் திரும்பிற்று. திரும்பிய நோய் முன்பு கேட்ட மருந்தைக் கேட்கவில்லை.

இதன் காரணம் யாது? ஸ்டீராய்டு தானே நஞ்சாகி அணுவைக் கொல்வதன்று. அணுவினுள் ஏற்பி என்னும் புரதம் ஒன்று உண்டு. மருந்து அதனோடு இணைந்து அணுவின் கருவுக்குள் புகுந்து சில மரபுக்கூறுகளைத் தூண்டுகிறது. அதன் விளைவாக அணு தன்னைத் தானே மாய்த்துக்கொள்கிறது. ஆகவே, ஏற்பி குறைந்தாலும் அதன் அமைப்புக் கெட்டாலும் மருந்தின் கட்டளை கருவை எட்டாது. சில அணுக்களில் காஸ்பேஸ்-1 என்னும் நொதி மிகுந்து, ஏற்பியையே துண்டித்துவிடுகிறது என 2015-இல் அமெரிக்க ஆய்வாளர் கண்டனர். வேறு சில அணுக்களில் கட்டளை சேர்ந்தும் பயனில்லை. மரணத்தைத் தடுக்கும் புரதங்கள் அங்கே மிகுந்திருக்கின்றன.

இத்தகைய அணுக்கள் சில, மருந்து தொடங்குமுன்பே கூட்டத்தில் கலந்திருக்கக்கூடும். பயிரோடு பயிராக நின்று களையெடுப்போர் கண்ணுக்குத் தப்பிய களை, பின்னர் வயல் முழுதும் பரவுவதுபோல, எஞ்சிய சிலவே பெருகுகின்றன.

காசநோய் மருத்துவர் இதனை முன்னரே அறிந்திருந்தனர். ஸ்ட்ரெப்டோமைசின் ஒன்றை மட்டும் அளித்தபோது, அதற்கு அடங்காத கிருமிகள் தலைதூக்கின. வெவ்வேறு வழியில் தாக்கும் மருந்துகளைச் சேர்த்து அளித்தபோதோ, ஒன்றுக்குத் தப்பியது மற்றொன்றுக்கு இரையாயிற்று. இம்முறையை அமெரிக்க மருத்துவர்களான ஃப்ரை, ஃப்ரைரைக் முதலியோர் 1960-களின் தொடக்கத்தில் ரத்தப் புற்றுநோயில் கையாண்டனர். ஸ்டீராய்டுடன் வேறு மூன்று மருந்துகளைச் சேர்த்தனர். அவற்றுள் வின்கிரிஸ்டின், நம் வீட்டுத் தோட்டங்களில் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து கிடைப்பது. 1980-களில் மும்பை, சென்னை, டில்லி மருத்துவமனைகள் நம் நாட்டிற்கென ஒரு பொதுக் கூட்டுமருந்துத் திட்டத்தை மேற்கொண்டன. இன்று செல்வ நாடுகளில் குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் லிம்ஃபோசைட் வகையில் பத்தில் ஒன்பது பேர் வரை பிழைக்கின்றனர்.

நோயின் பிடிவாதத்தை முன்கூட்டியே அறியும் வழியும் பிறந்தது. ஏழு நாள் ஸ்டீராய்டு அளித்து, எட்டாம் நாள் ரத்தத்தைச் சோதிப்பர். ஒரு கன மில்லிமீட்டரில் 1,000 புற்றணுக்களோ அதற்கு மேலோ எஞ்சியிருந்தால், வலிமை மிகுந்த சிகிச்சை தேவை என்பது ஜெர்மானிய மருத்துவர் வகுத்த அளவுகோல்.

ஊர்விட்டு ஊர் வந்து உழைக்கும் நம்மவர்க்கு இவ்வரலாறு உணர்த்துவது இரண்டு. நோய் இன்னதென எலும்பு மஜ்ஜைச் சோதனையால் தெளியுமுன், ஸ்டீராய்டு மாத்திரைகளைக் கடையில் வாங்கிக் கொடுத்தல் ஆகாது. அது நோயை மறைத்து, மருத்துவரின் கணிப்பையும் பிழைபடுத்தும். மற்றொன்று, குழந்தை தேறிவிட்டது என்று எண்ணி, சொந்த ஊர் சென்றவர் சிகிச்சையை இடையில் நிறுத்திவிடலாகாது. ஊர்ப்பயணம் தவிர்க்க இயலாததாயின், மருந்துக் குறிப்பேட்டுடன் சென்று, அங்குள்ள புற்றுநோய் மருத்துவமனையில் தொடர்வதற்கு முன்னரே ஏற்பாடு செய்துகொள்ளல் வேண்டும். சிகிச்சை இரண்டு, மூன்று ஆண்டுகள் நீள்வது வீண் அன்று. கண்ணுக்குத் தெரிந்த நோய் சில வாரங்களில் மறைந்துவிடுகிறது. எஞ்சிய காலமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத அந்தச் சில அணுக்களுக்காகவே.