*கொர்லி (மூல ஸ்லாவியச் சொல்)

*கொர்லி என்பது 'அரசன்' என்னும் பொருளில் மூல ஸ்லாவிய மொழிக்கு மீட்டுருவாக்கப்பட்ட சொல். எழுத்துச் சான்றின்றி, கிளைமொழிகளை ஒப்பிட்டுப் பெற்ற வடிவம் என்பதை முன்னுள்ள உடுக்குறி காட்டும். பிராங்கியப் பேரரசர் சார்லமேனின் ஜெர்மானியப் பெயரான 'கார்ல்' என்பதே இதன் மூலம் என்பது மொழியியலாளர் பெரும்பாலோரின் முடிவு.

தோற்றம்

768இல் அரசரான சார்லமேன் 789இல் எல்பே ஆற்றைக் கடந்து வெலெத்தி என்னும் ஸ்லாவியக் குடியினரைப் பணியவைத்தார். 791இல் தான்யூப் பகுதியில் அவார்கள் என்னும் மக்கள்மீது படையெடுத்தார். 800இல் ரோமில் பேரரசராக முடிசூடி, 814இல் மறைந்தார். ஸ்லாவியரின் மேற்கு எல்லையில் அவரை மிஞ்சிய மன்னர் இல்லை. அதனால் அவர் பெயரே மன்னரைச் சுட்டும் பொதுச்சொல்லாயிற்று. சீசரின் பெயர் 'ஜார்' ஆனதும் இத்தகையதே.

ஒலி மாற்றம்

இரு மெய்களுக்கிடையே நின்ற 'ஒர்' கிளைதோறும் வெவ்வேறாகத் திரிந்தது. கிழக்குக் கிளையில் அது 'ஒரோ' ஆனது: ரஷ்ய மொழியில் 'கொரோல்'. போலிஷ் மொழியில் 'ரோ' ஆகி, இன்று 'க்ருல்' என ஒலிக்கிறது. செக், ஸ்லோவாக் மொழிகளிலும் தெற்குக் கிளையிலும் 'ரா' ஆனது: செக்கில் 'க்ரால்', செர்பிய, குரோவாசிய மொழிகளில் 'க்ரால்ய்'. கோட்டையையும் நகரையும் குறித்த சொல்லும் இதே வழியில் திரிந்ததால்தான் ரஷ்யாவில் நோவ்கொரோத் என்றும் செர்பியாவில் பெல்கிராத் என்றும் ஊர்ப்பெயர்கள் அமைந்தன.

வழித்தோன்றல்களும் பொருளும்

ஸ்லாவியரிடமிருந்து இச்சொல் அண்டை மொழிகளுக்கும் சென்றது: ஹங்கேரியத்தில் 'கிராய்', லித்துவேனியத்தில் 'கராலியுஸ்', ருமேனியத்தில் 'க்ராய்', துருக்கியத்தில் 'க்ரல்'. ரஷ்யர் தம் ஆட்சியாளரைக் 'க்னியாஸ்' என்றும் பின்னர் 'ஜார்' என்றும் அழைத்தனர். மேற்கு நாட்டு அரசர்களையே 'கொரோல்' என்றனர்.

முயலின் போலிஷ் பெயரான 'க்ரூலிக்' இதில் பிறந்த வியப்பான கிளை. முயலைக் குறித்த லத்தீன் 'குனிகுலுஸ்' ஜெர்மன் பேச்சுவழக்கில் திரிந்தபோது அரசனைக் குறிக்கும் 'கூனிக்' போல ஒலித்தது. அதைச் 'சிற்றரசன்' எனக் கொண்டு போலிஷ் மக்கள் மொழிபெயர்த்துக்கொண்டனர். ரஷ்ய 'க்ரோலிக்' போலிஷிலிருந்து வந்தது.

முக்கியத்துவம்

மூலச் சொற்களுக்குக் காலம் குறிப்பது அரிது. இச்சொல்லுக்கோ மூலவரின் ஆட்சிக்காலமே தெரியும். சார்லமேன் வழி வந்தது இது என்றால், 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் ஸ்லாவியக் கிளைகள் புதுச்சொல்லைத் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் அளவுக்கு நெருங்கியிருந்தன. மேற்கண்ட ஒலித்திரிபும் அப்போது முற்றுப்பெறவில்லை. ஸ்லாவிய மொழி வரலாற்றைக் கணிக்க ஆய்வாளர் முதலில் நாடும் சான்றுகளில் இதுவும் ஒன்று.