பேரனுக்கு ஒரு பழைய பைக்



அமெரிக்காவில் இருக்கும் என் மகன் சில மாதங்களுக்கு முன் வீடியோ காலில் ஒரு பழைய மோட்டார் பைக்கின் படத்தைக் காட்டினான். 1970களில் வந்த ஹோண்டா 'மினி டிரெயில்'. "உங்க பேரனுக்கு வாங்கலாம்னு இருக்கேன்பா" என்றான். "ஏழு வயசுப் பிள்ளைக்கு பைக்கா?" என்று என் மனைவி எழுந்தே போய்விட்டாள். எனக்கும் பயம்தான். ஆனால், பேப்பரைப் பார்க்காமல் 'முடியாது' என்று சொல்லி எனக்கு வங்கியில் பழக்கமில்லை. எனவே இந்தக் குட்டி வண்டிகளின் கதையைத் தேடிப் படித்தேன்.

1961இல் டோக்கியோவில் ஹோண்டா நடத்திய 'தாமா டெக்' கேளிக்கைப் பூங்காவில் பிள்ளைகள் ஓட்டுவதற்காக ஒரு வண்டி செய்தார்கள். 49 சிசி இன்ஜின், 5 அங்குலச் சக்கரம். பெரியவர்கள் உட்கார்ந்தால் முழங்கால்கள் மடிந்து குரங்கு மாதிரி தெரிந்ததால் 'மங்கி' என்ற பெயர் வந்தது. அதன் வழியில் வந்ததுதான் மினி டிரெயில். அதில் கிளட்ச் பிடிக்க வேண்டாம். ஆனால் மூன்று கியர்களைக் காலால் மாற்ற வேண்டும்.

1980களின் தொடக்கத்தில் யமஹா 'பிடபிள்யூ50' வந்தது. கியரே இல்லை. விரல் மாட்டிக்கொள்ளச் செயினும் இல்லை. இரண்டு பிரேக்கும் சைக்கிள் போலக் கையில். ஆக்சிலேட்டரில் ஒரு திருகு உண்டு; பிள்ளை எவ்வளவு வேகம் போகலாம் என்பதை அப்பா அதைத் திருகி முடிவு செய்யலாம்.

பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. பிள்ளைகளுக்கான பொருட்களில் ஈயம் ஓர் அளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2008இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. பைக்கின் பித்தளை வால்விலும் பேட்டரி முனையிலும் கொஞ்சம் ஈயம் இருக்கும். அதனால் 2009 பிப்ரவரி 10 முதல், 12 வயது வரையிலான பிள்ளைகளுக்கான பைக்குகளை, பழையவை உட்பட, விற்க முடியாமல் போனது. சின்ன வண்டி கிடைக்காவிட்டால் பெற்றோர் பிள்ளைகளைப் பெரிய வண்டியில் ஏற்றிவிடுவார்கள், அதுதான் பெரிய ஆபத்து என்று எதிர்ப்பு எழுந்தது. அதே ஆண்டு மே மாதம் தற்காலிகத் தளர்வு கிடைத்தது. 2011 ஆகஸ்டில் சட்டத்தையே திருத்தி விலக்கு அளித்தார்கள்.

எனக்குப் புரிந்தது இதுதான்: வண்டி பிள்ளையின் அளவுக்கு இருக்க வேண்டும், நம் ஆசையின் அளவுக்கு அல்ல.

மகனிடம் கேட்டேன்: "அந்த மினி டிரெயில் அவனுக்கா, உனக்கா?" சிரித்துவிட்டான். கடைசியில் ஒரு பழைய பிடபிள்யூ50 வாங்கினான். பேரன் உட்கார்ந்தால் இரண்டு காலும் தரையில் படுகிறதா என்று முதலில் பார்த்தான். இறுகிப்போன டயர்கள், பிரேக் ஷூ, ஆக்சிலேட்டர் கேபிள் எல்லாவற்றையும் மாற்றினான். ஹெல்மெட், கையுறை, பூட்ஸ் போடாமல் வண்டியைத் தொடவிடுவதில்லை. ஓட்டுவது புல்வெளியில் மட்டும், அப்பா பக்கத்தில் நிற்கும்போது.

இதை எழுதக் காரணம் உண்டு. நம் கீழ்த்தளப் பார்க்கிங்கில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 110 சிசி ஸ்கூட்டரை ஓட்டிப் பழகுவதைப் பார்க்கிறேன். நாளை அது கேட்டைத் தாண்டும். சிறுவர்கள் சட்டத்தை மீறி ஓட்டினால், 2019 திருத்தத்தின்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. அபராதத்தைக் கட்டிவிடலாம், மற்றதை?

போன வாரம் பேரன் கேட்டான்: "தாத்தா, அப்பா அந்தத் திருகை எப்போ முழுசா கழட்டுவார்?"

"உன் கால் இன்னும் கொஞ்சம் வளரட்டும்டா" என்றேன்.