கானக்கோழியின் இறகு

தூண்டில் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன மூங்கிற்கழியும், மண்புழுவும், ஆற்றங்கரையில் பொறுமையோடு அமர்ந்திருக்கும் ஒரு மனிதனுமே. உயிருள்ள இரையை நாடாது, இறகையும் நூலையும் கொண்டு இரையின் தோற்றத்தை மட்டும் படைத்து மீனை ஏமாற்றும் கலையொன்று மேனாடுகளில் வளர்ந்தது. அப்பொய்யிரைகளுள் பூச்சியைப் போன்றவை ஒரு வகை. நீரில் விரையும் சிறுமீனைப் போன்றவை மற்றொரு வகை. பின்னதனை ஸ்ட்ரீமர் என்பர். அவ்வகையுள் புகழ்மிக்க ஒன்றின் வரலாற்றில் நம் மலைக்காட்டுப் பறவை ஒன்றுக்கும் பங்குண்டு.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ளது மெயின் மாநிலம். அங்கே ரேஞ்சிலி ஏரிகளின் நடுவே அப்பர் டாம் என்னும் அணையருகில் வாழ்ந்தவர் காரி ஸ்டீவன்ஸ் அம்மையார். 1882-இல் பிறந்த இவர், மகளிர் தொப்பிகளை இறகாலும் நாடாவாலும் அழகுபடுத்தும் தொழில் அறிந்தவர். கணவரோ மீன்பிடிக்க வருவோர்க்கு வழிகாட்டி. 1924 ஜூலை 1-ஆம் நாள், வீட்டு வேலையைப் பாதியில் விட்டு, தாமே கட்டிய புதிய பொய்யிரையுடன் அம்மையார் அணைக்குச் சென்றார் என்பர். அன்று அவர் தூண்டிலில் அகப்பட்ட புரூக் டிரௌட் மீன் 6 பவுண்டு 13 அவுன்ஸ் எடையிருந்தது. ‘ஃபீல்டு அண்டு ஸ்ட்ரீம்’ இதழ் நடத்திய போட்டியில் அது இரண்டாம் பரிசு பெற்றது. அதன்பின் பலரும் அவரிடம் பொய்யிரை கேட்டு எழுதலாயினர்.

அவர் படைத்தவற்றுள் தலையாயது ‘கிரே கோஸ்ட்’, அதாவது சாம்பல்நிற ஆவி. 1924-இல் பெருமீனைப் பிடித்தது இதுவே என்று பலகாலம் சொல்லப்பட்டது. ஆனால், அன்று பயன்பட்டது முந்தியதோர் அமைப்பு என்றும், இது பின்னரே உருப்பெற்றது என்றும் ஆய்ந்தோர் கருதுகின்றனர்.

அதனைக் கட்டும் முறையைக் காண்போம். நீண்ட தண்டுடைய தூண்டில் முள்ளின்மேல் ஆரஞ்சு நிறப் பட்டிழையைச் சுற்றி, அதன்மேல் வெள்ளிச் சரிகையை இடைவெளிவிட்டுச் சுற்றுவர். அடியில் மானின் வெண்மையான வால்மயிரும் மயிற்பீலியின் இழைகளும் அமையும். மேலே நான்கு சாம்பல் இறகுகள் சிறகாகும். தோட்புறத்தில் வெள்ளி ஃபெசண்ட் பறவையின் இறகு. கன்னத்தில், மீனின் கண்போலத் தோன்றுமாறு, கானக்கோழியின் கழுத்திறகு. நீரில் நனைந்ததும் சிறகு உடலோடு ஒட்டி அசைய, ஸ்மெல்ட் என்னும் சிறுமீனே நீந்துவதுபோல் தோன்றும். முள்ளைப் பற்றிக்கொள்ளும் கருவி எதுவுமின்றி, விரல்களிடையே பிடித்தே அம்மையார் இத்தனையும் கட்டினார் என்பது வியப்புக்குரியது. 1953-இல் தொழிலைப் பிறருக்கு விற்ற அவர் 1970-இல் காலமானார்.

அக்கானக்கோழி எங்குள்ளது? மேற்குத் தொடர்ச்சி மலையிலும் தீபகற்பத்தின் பிற காடுகளிலும் வாழும் சாம்பற் காட்டுக்கோழியே அது. சேவலின் கழுத்திறகு ஒவ்வொன்றின் நுனியிலும் மெழுகுத் துளி உறைந்தாற்போன்ற பொட்டு ஒன்று உண்டு. அந்தப் பொட்டின் அழகே பறவைக்குப் பகையாயிற்று. பிரிட்டனில் 19-ஆம் நூற்றாண்டிலேயே சால்மன் மீனுக்கான பொய்யிரைகளில் இவ்விறகு இடம்பெற்றது. மகளிர் தொப்பிக்காகவும் உலகெங்கும் பறவைகள் கொல்லப்பட்ட காலம் அது. 1902-இல் இந்திய அரசாங்கம் காட்டுப் பறவைகளின் தோலையும் இறகையும் ஏற்றுமதி செய்வதைத் தடைசெய்தது. ஆயினும் காட்டுக்கோழியின் இறகு அதன் பிறகும் பல்லாண்டு கடல் கடந்து சென்றது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இப்பறவைக்கு உறுதியான காவலாயிற்று. இன்று அயல்நாடுகளில் கூட்டில் வளர்க்கப்படும் பறவைகளின் இறகையோ, செயற்கைப் பொருளையோ கொண்டு அக்கலைஞர் தம் பணியைத் தொடர்கின்றனர்.

ஊரைவிட்டு வந்து வேற்று மாநிலங்களில் வாழும் நம்மில் சிலர், ஆனைமலைப் பக்கத்தில் விடியற்காலையில் இப்பறவை கூவுவதைக் கேட்டிருக்கலாம். அந்தக் குரலுக்குரிய பறவையின் இறகே, எங்கோ ஒரு குளிர்நாட்டு ஏரியில் பொய்மீனுக்குக் கண்ணாக விளங்கியது. ஒரு பெண்மணியின் கைத்திறனை நாம் போற்றுகின்றோம். அதற்காக உயிர் துறந்த பறவையையும் மறத்தலாகாது. கலையும் வாழவேண்டும், கானக்கோழியும் கூவவேண்டும். அதற்கு வழியுண்டு என்பதையே இவ்வரலாறு நமக்குக் காட்டுகின்றது.