துரை பங்களாவும் லயத்துக் காம்பராவும்

ஹட்டனிலிருந்து நோர்வூட் பக்கம் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால், காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடியே போகலாம். அதைச் சூழ்ந்த மலைகளில் துரைமார் வாழ்ந்த பங்களாக்கள் சில, 2005இல் உல்லாச விடுதிகளாயின. அவற்றுள் டியன்சின் பங்களா 1888இல் கட்டப்பட்டது. புல்வெளியும் கணப்பும் மாலைத் தேநீரும் பழைய முறைப்படியே. துரையின் நாற்காலியில் இப்போது வெளிநாட்டு விருந்தாளி அமர்கிறார்.

பழைய கட்டடத்துக்குப் புது வேலை கொடுப்பது மலைநாட்டுக்குப் புதிதன்று. நம் தேயிலைத் தொழிலே ஒரு வீட்டு விறாந்தையில்தான் தவழ்ந்தது. 1852இல் வந்த ஜேம்ஸ் டெய்லர், 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். தொழிற்சாலை ஏது? பங்களா விறாந்தையில் மேசை போட்டு, கொழுந்தைக் கையாலேயே உருட்டினார்கள். உருட்டிய கைகளுக்குரியவர்களின் பெயர்களை எழுதி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. டெய்லரின் மரக்குடிலில் எஞ்சிய புகைபோக்கியை மட்டும் இன்றும் காட்டுகிறார்கள்.

கந்தப்பளையில் மூடிக் கிடந்த ஹெதர்செட் தொழிற்சாலை 1996இல் ஹோட்டலாயிற்று. கொழுந்து வாட்டிய மாடிகள் படுக்கையறைகளாயின. நல்ல காரியம் என்றே சொல்வேன். இல்லாவிட்டால் அந்த இயந்திரங்கள் பழைய இரும்புக்குப் போயிருக்கும். ஹந்தானையில் 1925ஆம் ஆண்டுத் தொழிற்சாலை 2001இல் தேயிலை அரும்பொருளகமானது. பல தோட்டத்து இயந்திரங்கள் அங்கே இடம்பெயர்ந்து வந்து நிற்கின்றன.

பங்களா பிழைத்தது, தொழிற்சாலை பிழைத்தது. லயம்? பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு. அதில் தாத்தா முதல் பேரன் வரை வாழ்ந்தார்கள். கம்பளைப் பக்கத்துத் தோட்டமொன்றில், 2007இல் சமூக அபிவிருத்தி நிறுவகம் பழைய லயத்தைத் தொழிலாளர் அரும்பொருளகமாக்கியது. வேலைக் கருவிகளும் வீட்டுப் பாத்திரங்களுமே அங்கு சரித்திரம்.

லயங்களை முற்றாக இடிக்க வேண்டும், அவமானத்தை ஏன் பாதுகாப்பது என்று கேட்போர் உண்டு. கூரை ஒழுகும் காம்பராக்களில் இன்னும் குடும்பங்கள் இருக்க, அக்கேள்வி நியாயமானதே. முதலில் அவர்களுக்குச் சொந்தக் காணியும் தனி வீடும் வேண்டும். ஆனால் அவர்கள் குடிபெயர்ந்த பின், காசல்ரீப் பக்கத்திலும் ஒரு லயத்தை விட்டுவைக்கலாம். அடுப்புப் புகை படிந்த சுவருக்குச் சுண்ணாம்பு பூச வேண்டாம். காம்பராவில் எத்தனை பேர் படுத்தார்கள் என்பதை வாசலில் எழுதினால் போதும். பங்களா விருந்தாளி நடந்தே வந்து பார்க்கட்டும், அதிக தூரமில்லை.